சம்பந்தி தீவில் எஸ்லின்

ரொவேலாத் தீவில் விமானத்தை விட்டு இறங்குகிறவர்கள் காதில் முதலில் விழுவது எஸ்லினின் குரல்தான். புல்வெளிதான் அங்கே ஓடுபாதை. அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் ஒரு எடைமேடை, ஒரு வானொலிப் பெட்டி, ஆட்கள் உட்கார ஒரு மரப்பெஞ்சு. பெரிய தீவான சாண்டோவிலிருந்து விமானம் கிளம்பிவிட்டது என்று வானொலியில் சேதி வந்ததும் எஸ்லின் சங்கை எடுத்து ஊதுவாள். மேய்ந்துகொண்டிருக்கும் மாடுகளை ஊர்க்காரர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். ஏறுகிறவர்களையும் அவர்கள் மூட்டைகளையும் எடை போடுவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானிக்குச் சொல்வது, இவையெல்லாம் அவளுக்குச் சம்பளம் தரும் வேலைகள்.

சம்பளம் இல்லாத வேலை ஒன்றும் அவளுக்கு இருந்தது. வெளியூர்க்காரர் யார் இறங்கினாலும் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் ஒரு இளநீரைக் கொடுப்பாள். அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள் இந்தத் தீவில் எப்படி இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவாள்.

"திரும்பிப் போற தேதிய ரொம்ப நம்பாதீங்க. விமானம் வந்தா வரும். அடுத்த வாரம் முக்கியமான வேலைன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்திருந்தீங்கன்னா, இப்பவே மனசுக்குள்ள அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க."

இப்படித்தான் ஆரம்பிப்பாள். பிறகு ஒவ்வொன்றாக வரும். மேட்டில் இருக்கிற சுனை குடிக்க, கீழே இருக்கிறது குளிக்க, மாற்றிவிடக் கூடாது. பாறை மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கே பிடித்தது என்று கேட்காமல் தின்னக் கூடாது, சில இடத்து மீன் ஆளைப் படுக்க வைத்துவிடும். தென்னை மரத்தடியில் தூங்கக் கூடாது. பவளப்பாறையில் காலைக் கிழித்துக்கொண்டால் சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது, உடனே கழுவி மருந்து போட வேண்டும், இந்த ஈரக் காற்றில் கீறல் புண்ணாக ஒரு பொழுது போதும். நாமேலே என்கிற மரத்தின் ஓலை கட்டிய இடத்துக்குள் காலே வைக்கக் கூடாது. அங்கே ஊர் தடை போட்டிருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் காவா என்கிற மயக்கும் வேர்ச்சாறு குடிக்கிற கொட்டகைக்குப் போனால் குரலை இறக்கிப் பேச வேண்டும். பெரிய நோட்டை நீட்டினால் தீவு முழுக்கத் தேடினாலும் சில்லறை கிடைக்காது. பிள்ளைகளுக்கு மிட்டாய் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பென்சில் கொடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், சாப்பிடச் சொன்னால் கொஞ்சமாவது சாப்பிட வேண்டும்.

இதையெல்லாம் ரொவேலாக்காரர்கள் வேறு யாருமே சொல்ல மாட்டார்கள். விருந்தாளியிடம் குறை சொல்வதை அவர்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. விருந்தாளி அடுப்பில் காலை வைத்தாலும் அடுப்பை நகர்த்தி வைப்பார்களே தவிர, காலை எடுங்கள் என்று சொல்ல மாட்டார்கள். எஸ்லினால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவள் அந்தத் தீவில் பிறந்தவள் இல்லை.

அவள் சாண்டோவில், லுகன்வில் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. அப்பா லாரி ஓட்டினார். வடக்கிலிருந்து கொப்பரை மூட்டையோடு கப்பலில் வந்த வில்டன் என்ற வாட்டசாட்டமான ரொவேலாக்காரனைப் பார்த்து, அவன் அதிகம் பேசாதது பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். கல்யாணம் முடிந்து தீவுக்குப் போனபோது குதிகால் உயர்ந்த வெள்ளைச் செருப்பு போட்டிருந்தாள். பெட்டிக்குள் மின்சார இஸ்திரிப் பெட்டி இருந்தது. தீவில் மின்சாரம் இல்லை என்பதை வில்டன் சொல்லவில்லையா என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு, அவன் எதைத்தான் சொன்னான் என்று பதில் சொன்னாள். படகிலிருந்து இறங்கி மணலில் வைத்த முதல் அடியிலேயே ஒரு செருப்பு புதைந்தது. அதை இழுத்தெடுக்க மைத்துனர்கள் இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பெரிய மரியாதையோடு மணலைத் தட்டிக் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் சோப்புப் பெட்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு மேட்டுச் சுனைக்குப் போனாள். நுரை பொங்கத் தலை குளித்தாள், துணியையும் அங்கேயே துவைத்தாள். ஊருக்கே அதுதான் குடிதண்ணீர். அன்றிலிருந்து ஊர்ப் பெண்கள் மூங்கில் குழாய்களைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருந்த சுனைக்கு நடந்தார்கள். எஸ்லின் தினமும் குளித்தாள். அவர்கள் தினமும் நடந்தார்கள். வழியில் பார்த்தால் சிரித்துத் தலையாட்டினார்கள். உங்கள் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு நல்ல சுபாவம் என்று எஸ்லின் வில்டனிடம் சொல்ல, அவனும் ஆமாம் என்றான். கடைசியில் நாத்தனார் ரோசினாவுக்குப் பிரசவ நேரம் நெருங்கி, மலையேற முடியாமல் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அண்ணி, உங்க மனசு நோகக் கூடாது. நீங்க குளிக்கிறது எங்க டீத்தண்ணி."

எஸ்லின் அன்று அழுதாள். அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது. இத்தனை நாள் ஒருத்திக்காவது வாய் திறந்து சொல்லத் தோன்றவில்லையா என்று கேட்டாள். எப்படிச் சொல்வது, நீங்கள் புதிது ஆயிற்றே என்றாள் ரோசினா. இந்த ஊரில் சொல்வதற்கென்று ஒரு ஆள் வேண்டும் என்று எஸ்லின் அன்றைக்கே தீர்மானித்தாள். விமானத்திடல் வேலை காலியானபோது தானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே உட்கார்ந்தால் ஒரு விருந்தாளியும் தப்ப முடியாது.

வருஷங்கள் போகப் போக அவளுடைய பேச்சும் நீண்டது. பறவை பார்க்க வந்த ஒருவர் பையில் உலர்ந்த பழத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கொடுத்த லாப்லாப்பை எல்லாம் நாசூக்காக நாய்க்குப் போட்டார். வாழையிலையில் சுற்றிச் சுடுகல்லில் வேகவைத்த கிழங்குக் களியும் தேங்காய்ப்பாலுமாக ஊரே மாறி மாறிச் சமைத்துக் கொடுத்தது. நாய் கொழுத்தது, சமைத்தவர்கள் முகம் வாடியது. சாப்பிட வேண்டும் என்ற விதி அப்போது வந்தது. படகில் உலகம் சுற்றி வந்த ஒரு தம்பதி, ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிக்கிற நேரத்தில் அரைகுறைத் துணியோடு கரையில் உடற்பயிற்சி செய்தார்கள். பாதிரியார் அன்றைக்குப் பிரசங்கத்தை இருமடங்கு நீட்டினார், யாரும் வெளியே வந்து பார்த்துவிடக் கூடாது என்று. அதற்கும் ஒரு விதி வந்தது. எஸ்லின் சொன்னதைக் கேட்டு விருந்தாளிகள் பிழைத்தார்கள். அவர்களிடமிருந்து ஊரும் பிழைத்தது. ஊர்க்காரர்கள் அவளைச் செல்லமாக வானொலி என்று கூப்பிட்டார்கள். நிறுத்தவும் முடியாது, பதில் பேசவும் முடியாது என்று வில்டனின் தம்பி அதற்கு விளக்கம் சொல்வான்.

அவளுடைய ஒரே மகள் நோயலின் படித்து முடித்துவிட்டு லுகன்வில்லில் ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மாவு மூட்டை இறக்க வந்த ஹோசியா என்ற பையனைப் பிடித்துப்போனது. ஹோசியாவின் சின்ன வயதிலேயே அவன் அப்பா தவறிவிட்டார். அவனை வளர்த்ததெல்லாம் மெரெவான் தீவில் இருக்கிற பெரியப்பா எல்லிசன். மெரெவான் ரொவேலாவுக்கும் வடக்கே, விமானமே போகாத தீவு. எஸ்லின் அந்தச் சம்பந்தியைப் பார்த்ததில்லை. ரொம்பக் கண்டிப்பான மனுஷன் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள்.

கல்யாணம் சாண்டோவில் என்று முடிவானது. வில்டன் கிழங்கு மூட்டைகளையும் தாழம்பாய்களையும் ஏற்றிக்கொண்டு முந்தின கப்பலிலேயே போய்விட்டான். விருந்துக்கென்று எஸ்லின் தன் கையால் வளர்த்த பன்றியையும் அவன் கொண்டு போயிருக்க வேண்டும். கப்பல் வந்த அன்றைக்குப் பார்த்து அது பட்டியை முட்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. கப்பல்காரர்கள் பன்றிக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் அதுவாகவே பசியோடு திரும்பி வந்து பட்டி வாசலில் நின்றது. எஸ்லின் அதைத் திட்டிக்கொண்டே தேங்காய் உடைத்துப் போட்டாள். தான் விமானத்தில் போவதாக ஏற்பாடு. விமானத்தில் பன்றி ஏறாது.

விமானம் வரவில்லை. முதல் தடவை டயர் என்றார்கள். அடுத்த தடவை எரிபொருள். அதற்கடுத்த தடவை வானொலியில் பேசியவன் காரணம் சொல்வதையே விட்டுவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் அக்கா என்றான். எஸ்லின் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். கல்யாணப் புடவை மாதிரி மடித்து வைத்திருந்த புதுப் பூப்போட்ட கவுனைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தாள்.

அந்த விமானத்துக்குக் காத்திருந்த இன்னொருவர் லைனல். ஆஸ்திரேலியாவில் ராக்ஹாம்ப்டனில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எரிமலைச் சுனையைப் பார்க்க வந்தவர், பார்த்து முடித்தும் வெகுநாளாகியிருந்தது. இறங்கிய அன்றைக்கு எஸ்லின் சொன்னதைக் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிப்பிள்ளை மாதிரி கேட்டவர் அவர். இப்போது மரப்பெட்டியில் கம்பு நட்டு நரம்பு கட்டிய வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டு, ஊர் இளவட்டங்களோடு கொட்டகை நிழலில் டும் டும் என்று அடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்படிண்ணே இப்படி உக்காந்திருக்க முடியுது?" என்றாள் எஸ்லின் எரிச்சலோடு.

"முப்பது வருஷம் ஒரு நிமிஷம் தாமதமானாலும் கேள்வி கேட்டாங்க எஸ்லின். இங்க ஒரு வாரம் தாமதமாயிருக்கு, கேக்க ஆளில்ல. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அதுவும் நீதானே சொன்ன, தேதிய நம்பாதேன்னு."

"அது விருந்தாளிக்குச் சொல்றது. எனக்குப் பொண்ணு கல்யாணம்."

அந்த வாரம் 'காலை நட்சத்திரம்' என்ற சரக்குக் கப்பல் எதிர்பாராமல் வந்து நின்றது. எஸ்லின் யோசிக்கவேயில்லை. பன்றியைக் கயிற்றில் பிடித்தாள், பையை எடுத்தாள், லைனலையும் கிளப்பினாள். கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சூரியன் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மாலுமியைக் கேட்டாள். ஆமாம், வடக்கேதான் போகிறோம், மெரெவானில் கொப்பரை ஏற்றிக்கொண்டு அப்புறம்தான் சாண்டோ என்றான் அவன். அவள் கப்பல் தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரையும் இதே கப்பலில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது, அவர்களை விட்டுவிட்டுப் போனால் பரவாயில்லையா என்று கேட்டார்.

எஸ்லினுக்குக் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அந்த இடத்தில் வேறொரு கவலை ஏறிக்கொண்டது. சம்பந்தி ஊருக்கு முன்னறிவிப்பில்லாமல், வெறுங்கையோடு, பன்றி வாசனையோடு போகிறோம்.

வழியெல்லாம் லைனலுக்குப் பாடம் நடந்தது. அவர் ஏதாவது செய்துவைத்தால் அவளுக்குத்தான் தலைகுனிவு. சட்டைப் பொத்தானை எல்லாம் போட வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஆளின் காலைத் தாண்டக் கூடாது. ஊர் மரத்தைத் தொடக் கூடாது, கல்லைப் புரட்டக் கூடாது, எதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. லைனல் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். உட்காரலாமா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

மெரெவானுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்க, சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். பன்றி கப்பல் தளத்தை அசுத்தம் செய்துகொண்டே வந்ததால் மாலுமிகள் அதை முதல் படகிலேயே கொண்டுபோய்க் கரையில் நட்டிருந்த ஒரு கம்பில் கட்டிவிட்டார்கள். எஸ்லினும் லைனலும் கடைசிப் படகில் போனார்கள். ஊர் மேலே மேட்டில் இருந்தது. எஸ்லின் பூப்போட்ட கவுனை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். பன்றி சேற்றில் புரண்டு சுகமாகப் படுத்திருந்தது. அவள் அதன் காதைத் திருகிவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

தண்ணீர் வற்றியிருந்தது. பவளத்திட்டு வெளியே தெரிந்தது. அதில் சிப்பிகள் கொட்டிக் கிடந்தன. ரொவேலாவில் அப்படிப் பெரிய சிப்பிகளைப் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. எஸ்லினுக்கு மனசு குளிர்ந்தது. வெறுங்கையோடு போக வேண்டிய கவலை தீர்ந்தது. கவுனை முடிந்துகொண்டு திட்டில் இறங்கினாள்.

"கேக்காம எடுக்கலாமா?" என்றார் லைனல் கரையிலிருந்து.

"இது கடல்ண்ணே. கடலுக்கு யார்கிட்ட கேக்கிறது? ஓலை கட்டியிருந்தாத்தான் எடுக்கக் கூடாது. எங்கயாவது ஓலை தெரியுதா பாருங்க."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஓலை எதுவும் தெரியவில்லை. ஒரு கூடை நிறையச் சிப்பி சேர்ந்தது. எஸ்லின் கரையிலேயே கல்லடுப்பு மூட்டி, தேங்காய்ப்பால் பிழிந்து, வாழையிலையில் பொதிந்து வேகவைத்தாள். வாசனை மேடு வரைக்கும் போயிருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். எஸ்லின் யார் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், பாய் விரித்தார்கள், இளநீர் வெட்டினார்கள். எல்லிசன் பெரியப்பா தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். அவருடைய மனைவி ஜெனிட்டி, குண்டான சிரித்த முகம், எஸ்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எஸ்லின் இலையைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினாள். ஜெனிட்டி வயிற்றைத் தடவிக்காட்டி இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள். அடுத்தவளும் அப்படியே சொன்னாள். அதற்கடுத்த கிழவரும் சொன்னார். ஒருவர் கண்ணும் இலையை விட்டு நகரவில்லை, ஒருவர் கையும் நீளவில்லை.

லைனல் எஸ்லின் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "ஒரு ஊருக்கே ஒரே நேரத்துல வயிறு நெறைஞ்சிருக்கு. கவனிச்சியா?"

எஸ்லின் கையில் இலையோடு அப்படியே நின்றாள். இந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். இந்தத் தலையாட்டலைத் தெரியும். மூங்கில் குழாயோடு மலையேறிய பெண்களின் முகங்கள் இவை. ஏதோ செய்துவிட்டோம். என்ன என்றுதான் தெரியவில்லை.

"ஜெனிட்டி," என்றாள், "நான் புதுசுன்னு பாக்காதீங்க. என்ன தப்புப் பண்ணினேன், சொல்லிடுங்க."

ஜெனிட்டி மறுபடி சிரித்தாளே தவிர வாய் திறக்கவில்லை. பதில் பின்னாலிருந்து வந்தது. எல்லிசன் தோளில் மண்வெட்டியோடு வந்து நின்றிருந்தார். உயரமான மனிதர், நரைத்த தாடி. பன்றி கட்டியிருந்த கம்பைப் பார்த்தார். குனிந்து சேற்றுக்குள் கையை விட்டார். கிழிந்து நைந்துபோன ஒரு நாமேலே ஓலை வெளியே வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"இந்த ஓலைய நான்தான் கட்டினேன்," என்றார். "மழைக்காலம் முடிஞ்சதும் கட்டினது. இந்தத் திட்டுல ஒருத்தரும் கால் வைக்கல. எங்க வீட்டு ஹோசியா கல்யாணத்துக்குச் சிப்பி நெறைய வேணும்னு ஊரே வாயக் கட்டிட்டு இருந்துச்சு."

தன் மகளின் கல்யாண விருந்தைத் தானே வாரி, தேங்காய்ப்பாலில் வேகவைத்து, அதன் சொந்தக்காரர்களுக்கே நீட்டிக்கொண்டிருப்பது எஸ்லினுக்குப் புரிந்தது. உட்கார்ந்துவிட்டாள். பூமிக்குள் புதைந்துபோக முடிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

ஓலையை மிதித்தது தன் பன்றிதான், ஆனாலும் கேட்காமல் இறங்கியது தன் குற்றம் என்று அவள் சொன்னாள். ஊர் வழக்கம் என்னவோ அதைச் செய்யச் சொன்னாள். ஊர்த் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். நீண்ட பேச்சாக இருக்கவில்லை. தடை போட்ட இடத்தில் கை வைத்தால் அபராதம் ஒரு பன்றி. சம்பந்தி என்பதற்காக விட்டுக்கொடுக்கலாமே என்று ஜெனிட்டி தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தாள். எல்லிசன் தலையை ஆட்டினார்.

"சொந்தக்காரங்களுக்கு ஒரு சட்டம்னா நாளைக்கு எவன் என் ஓலைய மதிப்பான்? இந்த ஊர்ல எல்லாரும் எனக்குச் சொந்தக்காரன்தான்."

"அவர் சொல்றது சரி," என்றாள் எஸ்லின். "நான் அவர் எடத்துல இருந்தா நானும் பன்னியத்தான் கேட்டிருப்பேன்." கயிற்றை அவிழ்த்து எல்லிசன் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது அழுகை வந்தது. பன்றிக்காக இல்லை, விருந்துக்கு வேறு பன்றி இல்லையே என்று. எல்லிசன் கயிற்றை வாங்கிக்கொண்டார். அபராதம் கட்டியாகிவிட்டதால் குற்றம் தீர்ந்தது என்று ஊருக்கு முன்னால் உரக்கச் சொன்னார். சொன்ன கையோடு பாயில் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த இலையைத் தன் பக்கம் இழுத்து, முதல் சிப்பியை வாயில் போட்டார்.

"இத நீங்களா சமைச்சீங்க?"

"ஆமா."

"ஜெனிட்டி, தேங்காப்பால இவங்ககிட்ட கேட்டுக்க. எப்படிப் பிழியணும்னு."

அதற்குமேல் யாருக்கும் வயிறு நிறைந்திருக்கவில்லை. இலை கை மாறிக் கை மாறி ஒரு நொடியில் காலியானது. மீதிச் சிப்பியை எடுக்க ஊரே திட்டில் இறங்கியது. லைனலும் பொத்தானெல்லாம் போட்ட சட்டையோடு இறங்கினார், இந்தத் தடவை எல்லிசனிடம் கேட்டுக்கொண்டு.

கொப்பரை ஏற்றி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கூடை கூடையாகச் சிப்பியோடும் பாய்களோடும் கோரைப்பல் சுருண்டு வளர்ந்த பன்றிகளோடும் கப்பலில் ஏறினார்கள். எஸ்லினின் பன்றியும் அந்தக் கூட்டத்தில் ஏறியது. அது தன்னைப் பார்த்து உறுமியதை எஸ்லின் கவனிக்காத மாதிரி இருந்தாள். இரண்டு குடும்பமும் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பேசிக்கொண்டே வந்தது. ஜெனிட்டிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. எஸ்லின் எலுமிச்சம்பழத்தைக் கீறி அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டு, தூரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கச் சொன்னாள், வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம் என்று மரவள்ளி வறுவலைத் திணித்தாள். சாண்டோவில் லாரிகள் எந்தப் பக்கம் வரும், எந்தக் கடையில் ஏமாற்றுவார்கள், தெருக்குழாய்த் தண்ணீரை ஏன் காய்ச்ச வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெனிட்டி நகரத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னை எங்கேயும் தனியாக விட்டுவிடாதீர்கள் சம்பந்தி என்றாள்.

சாண்டோவில் கல்யாணத் தேதி கடந்துபோயிருந்தது. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பாதி விருந்தாளிகள் கப்பலில் இருக்கும்போது யாரை வைத்துக் கல்யாணம் நடத்துவது என்று பாதிரியாரே சொல்லியிருந்தார். ரொட்டிக்கடைக்காரர் கேக்கை மட்டும் இரண்டு தடவை செய்ய வேண்டியதாயிற்று. முதல் கேக்கைத் தெருப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

கோயிலில் கல்யாணம் முடிந்ததும் முற்றத்தில், அந்தத் தீவுகளின் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சீர் கொடுக்கும் சடங்கு நடந்தது. அவர்கள் வரிசையாக வந்து பாய்களை அடுக்கினார்கள். கிழங்கைக் குவித்தார்கள். பிறகு பன்றிகள் வந்தன. ஒவ்வொரு பன்றியின் கயிற்றையும் எல்லிசன் வில்டன் கையில் கொடுத்தார். கடைசியாக வந்த பன்றி தேய்த்துக் குளிப்பாட்டப்பட்டிருந்தது. கழுத்தில் சிவப்பு இலை கட்டியிருந்தார்கள். வில்டனுக்கு எதுவும் தெரியாது. அவன் அந்தப் பன்றியை உற்றுப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், மறுபடி பன்றியைப் பார்த்தான். பேசாத அந்த மனிதன் கூட்டத்துக்கு நடுவில் வாயைத் திறந்தான்.

"எஸ்லின், இது நம்ம பன்னி மாதிரியே இருக்கே."

"மெரெவான் பன்னி," என்றார் எல்லிசன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "சட்டப்படி வந்தது. எங்க வீட்டுப் பையனுக்காகக் கொடுக்கிறோம்."

எஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெனிட்டியின் தோள் குலுங்குவது தெரிந்தது. அதைப் பார்த்ததும் எஸ்லினால் முடியவில்லை. சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் முற்றம் முழுக்கச் சிரிப்பு பரவியது. கண்டிப்பான சம்பந்தியின் தாடிக்குள்ளும் கடைசியில் பல் தெரிந்தது. என்ன நடந்தது என்று மணப்பெண் கேட்க, ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நாலைந்து தடவை சொல்லி முடிப்பதற்குள் எஸ்லின் கடலையே காலி செய்தவளாக ஆகிவிட்டிருந்தாள்.

அந்தப் பன்றியை வெட்ட வேண்டாம் என்று இரண்டு வீட்டாரும் ஒருமனதாகச் சொன்னார்கள். விருந்துக்கு மற்றவை இருந்தன, சிப்பியும் இருந்தது. லைனல் மரப்பெட்டி வாத்தியத்தை இருட்டும்வரை வாசித்தார். அவர் பிடிக்க வேண்டிய பிரிஸ்பேன் விமானம் பாட்டுக்கு நடுவில் தலைக்கு மேல் போனது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார்.

எஸ்லினும் ஜெனிட்டியும் அடுத்த வாரம் முழுக்கக் கைகோத்துக்கொண்டு லுகன்வில் கடைத்தெருவில் அலைந்தார்கள். பிறகு விமானம் சரியாகி, எஸ்லின் அதில் ரொவேலாவுக்குத் திரும்பினாள். அதே விமானத்தில் புதிதாக மூன்று விருந்தாளிகள் வந்தார்கள். மேலே பறக்கும்போதே அவர்களிடம் சுனையைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். இளநீர் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. ஓலை தெரியாவிட்டாலும் கேட்டுவிட்டு இறங்குங்கள் என்று அதில் ஒரு வரி கூடியிருந்தது. ஏன் என்று அவர்கள் கேட்டபோது, சிப்பிக் கதையை முழுசாகச் சொன்னாள். தன்னைப் பற்றிய கதையைத் தானே சொல்லிச் சிரிப்பது அவளுக்குப் புது ருசியாக இருந்தது.

பன்றியோடு வில்டன் கப்பலில் வந்தான். கப்பல் மறுபடியும் மெரெவான் வழியாகத்தான் போனது. எல்லிசனும் ஜெனிட்டியும் அங்கே இறங்கிக்கொண்டார்கள். வாங்க, வந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போங்க என்று வில்டனை வருந்தி வருந்தி அழைத்தார்கள். கப்பல் கொப்பரை ஏற்றி முடிக்கும்வரை அவன் போய்த் தங்கினான். பன்றியை மட்டும் கப்பலை விட்டு இறக்கவில்லை.